தட்சணாமூர்த்திக்குக் கிடைத்த கைத்தட்டல்

தட்சணாமூர்த்தியை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. என்னை நினைத்தாலும்தான்.

பதினாலு வயதில் மரக்காணம் உப்பளத்தில் இறங்கியவர். ஐம்பத்திரண்டு வயதிலும் விடிந்ததும் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருப்பார். பாதமெல்லாம் வெடிப்பு. யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டார். பேசினால் குரல் கணீரென்று இருக்கும். மழைக்காலத்தில் உப்பளம் மூடியதும், நான் நாடகம் போடும் குயிலாப்பாளையத்துக்கு வேலை தேடி வந்தவரை, அந்தக் குரலுக்காகவே என் நாடகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

போரைக் காறித் துப்பும் கோமாளி நாடகம் அது. மகன் சண்டை போடும் இடத்துக்கே அப்பாவும் அம்மாவும் ஃப்ளெக்ஸ் பேனருக்குப் படமெடுக்க வருகிறார்கள். "குனிங்கப்பா, குண்டு வருது" என்கிறான் பிள்ளை. "நீ குனியாத, போட்டோல தலை தெரியணும்" என்கிறார் அப்பா. பிள்ளையைக் காவு கொடுத்துப் பெருமை அடித்துக்கொள்ளும் அந்த அப்பாதான் தட்சணாமூர்த்தி.

"என் புள்ளையக் குடுத்துட்டேன்! இன்னொரு புள்ள இருந்தா அதையும் குடுப்பேன்! இல்லன்னா பக்கத்து வூட்டுப் புள்ளையக் குடுப்பேன்!" என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டபோது கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் முகம் சுண்டிவிட்டது.

"இன்னா சார், நல்ல பேச்சுக்குப் போய் சிரிக்கிறாங்க?"

கிண்டல் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு நிஜமாக நடிக்கிறாரே, சொன்னால் கெட்டுவிடும் என்று கமுக்கமாக இருந்துவிட்டேன். அற்பன் நான்.

குடியரசு தினத்தன்று அவர் ஊரில் கொடியேற்றம். கூப்பிட்டிருந்தார், போனேன். மைக்கைப் பிடித்து அதே வசனத்தை ஒரு சொல் பிசகாமல் முழங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. கைத்தட்டல் அடங்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து நின்று தட்டினார்! யாரோ சால்வை போர்த்தினார்கள். வாழ்நாளில் கூலியைத் தவிர எதையும் பார்த்திராத மனிதர் தேம்பி அழுதார். அழுதுகொண்டே மகன் அருண்ராஜை மேடைக்கு இழுத்து, "இவன் மிலிட்டரிக்குப் போறான்" என்று அறிவித்தார். அருண்ராஜே அப்போதுதான் அதைக் கேள்விப்படுகிறான். ஐடிஐ முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஏசி மெக்கானிக் வேலைக்குச் சேர இருந்தவன்.

தட்சணாமூர்த்தியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், அது கேலி வசனம் என்று கத்தினேன்.

"உங்க ஊர்ல கேலி சார். எங்க ஊர்ல மரியாதை" என்றார், சால்வையைச் சரிசெய்துகொண்டே. ஓங்கி அறையலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

ஆள்சேர்ப்பு முகாமுக்கு அருண்ராஜ் புறப்பட்ட அன்று பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

"இஷ்டம் இல்லன்னா போகாதப்பா. உங்க அப்பாகிட்ட நான் பேசறேன்."

"ஊரே கைத்தட்டிடுச்சு சார். இனிமே எப்படிப் போகாம இருக்கறது?" என்றான். பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டான்: "அப்பா பேசினது நீங்க எழுதிக் குடுத்ததுதானே?"

"ஆமாம்" என்றேன். பஸ் வந்துவிட்டது.