பாதி மலை

அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பெரியகுளத்தில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் நோயாளிகள் ஆனோம். காப்பி போய் வெந்தயத் தண்ணீர் வந்தது. இட்லி போய் கேப்பைக் கூழ் வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் முளைகட்டிய பயறு வாலை நீட்டிக்கொண்டு கிடக்கும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, மூடிவிடும்படி கேட்டுக்கொள்வார்கள். அப்பா மட்டும் பஸ் ஸ்டாண்டில் வடை தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, கூழ் பிரமாதம் என்பார்.

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். தெருவில் நடந்தால் போதாது, மலை ஏறினால்தான் சர்க்கரை கரையும் என்றாள் அம்மா. அதையும் டாக்டர்தான் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தன் பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேருக்கும் தகவல் சொன்னாள். ஒருத்தி அல்லிநகரத்தில் தையல் கடை வைத்திருந்தாள். இன்னொருத்தி கெங்குவார்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். இருவருமே எனக்கு அத்தைகள். தையல்கடை அத்தை ஊசி மாதிரி இருப்பாள். அவளுக்கு எந்த நோயும் கிடையாது. ஆனாலும் உடம்புக்கு நல்லது என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

"மூணு பொம்பளைக தனியாவா மலைக்குப் போவீக?" என்று அப்பா கேட்டார். அதனால் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். மூன்று பெண்கள் போனால் ஆபத்து, கூட ஒரு சின்னப் பெண்ணும் சேர்ந்தால் ஆபத்தில்லை என்பது யார் போட்ட கணக்கோ!

கெங்குவார்பட்டியை ஒட்டிய மலையில், உச்சியில் ஒரு கன்னிமார் கோயில் உண்டு. அங்கிருந்து பார்த்தால் மஞ்சளாறு அணை தாம்பாளம் மாதிரி தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒருமுறைகூட உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. பார்த்தாயா, பார்த்தாயா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

மூன்றாவது முறை, இன்றைக்கு விடுவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். மாந்தோப்பைத் தாண்டியதுமே அம்மாவுக்கு மூட்டுப் பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். என்றைக்கோ செத்துப்போன தங்கள் கணக்கு டீச்சர் மூக்கால் பேசுவதைக் கெங்குவார்பட்டி அத்தை நடித்துக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். எழுந்து கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஒரு பாறை நன்றாக இருந்தது, உட்கார்ந்தார்கள். பிறகு ஓர் ஓடை வந்தது. அதில் காலை விட்டுக்கொண்டு அம்மா ஏதோ பழைய பாட்டைப் பாடினாள். அம்மாவுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

"எம்மா, வெயிலு ஏறுதும்மா. கெளம்புவோம்."

"இந்தா கெளம்பிட்டோம்" என்றாள், காலை எடுக்காமலே.

கெங்குவார்பட்டி அத்தை தூக்குச்சட்டியைத் திறந்தாள். உள்ளே பருப்பு வடையும் அதிரசமும்! எனக்கு வால் முளைத்த பயறைக் கட்டிக்கொடுத்த அதே கை நீண்டு ஓர் அதிரசத்தை எடுத்தது.

"சுகரு?" என்று கத்தினேன்.

"மலையில தின்னா கணக்குல வராது ஆத்தா. நீயும் ஒண்ணு எடுத்துக்க" என்றாள் தையல்கடை அத்தை. மறுபடியும் சிரிப்பு.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. நான் தனியாகக் கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆடுகள் போகிற தடத்தைப் பாதை என்று நினைத்து ஏறினேன். அது ஒரு வழுக்குப் பாறையில் கொண்டுபோய் விட்டது. மேலே பிடிக்க ஒன்றுமில்லை. கீழே கால் வைத்தால் சரளைக்கல் உருண்டது, உருண்ட கல் வெகுநேரம் கழித்துத்தான் எங்கேயோ விழுந்தது. பாறையோடு ஒட்டிக்கொண்டு "எம்மா" என்று அலறினேன்.

"ஏ புள்ள! அங்கனயே நில்லு, அசையாத!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், புதரை விலக்கி அம்மா ஓடி வந்தாள். நேராக என்னிடம் வரவில்லை. சுற்றி மேலே ஏறிப்போய், வேர் ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, மறு கையால் என் மணிக்கட்டைப் பற்றி ஒரே இழுப்பில் தூக்கினாள். என் முகத்தையும் கையையும் தடவிப் பார்த்தாள். முதுகில் ஓர் அறை வைத்தாள். பிறகு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து பார்த்தால் கோயில் கொடி தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். அம்மாவுக்கு மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. பயம் போய் எனக்குக் கோபம் வந்தது.

"இம்புட்டு நல்லா ஏறத் தெரியுதுல்ல? பெறகு என்னத்துக்கு மூட்டு வலி மூட்டு வலின்னு உக்காந்தே கெடந்த?"

அம்மா கொடியைப் பார்த்தாள். கீழே பதறிக்கொண்டு ஏறி வரும் தோழிகளைப் பார்த்தாள்.

"ஏறி முடிச்சுட்டா எறங்கணும்ல" என்றாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? பாதியில் உட்கார்ந்தவர்கள் மட்டும் இறங்காமலா இருந்தார்கள்? அன்றைக்கும் உச்சிக்குப் போகவில்லை. எனக்குச் சிராய்ப்பு என்று காரணம் சொல்லித் திரும்பினோம். கெங்குவார்பட்டி பஸ் நிறுத்தத்தில் மூவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பஸ்ஸைக் கூட்டம் என்று விட்டார்கள். அடுத்தது காலியாக வந்தது, அதையும் விட்டார்கள்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாலையில் அப்பா ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு, கையில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். சர்க்கரை இல்லையாம். எல்லாம் சரியாகிவிட்டதாம்.

"இனி அந்த மலைக்கெல்லாம் போய்ச் சீரழிய வேணாம்" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு.

நான் குதித்தேன். கூழ் ஒழிந்தது, பயறு ஒழிந்தது! அப்பா முதல் ஜாங்கிரியை அம்மாவிடம் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"டெஸ்ட்டு சரியாத்தான் எடுத்தாகளா? இன்னொரு தடவ பாக்கச் சொல்லுவமா?"

நோய் இல்லை என்று சொன்னாலும் இந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் கையிலிருந்த ஜாங்கிரியையும் வாங்கி நானே தின்றேன்.