மிக்ஸி போட்டால் கோடு ஓடும்

எங்கள் ராயபுரம் வீட்டில் குடிக்கிற ஆள் அப்பா ஒருவர்தான். ஆனால் குடியை விடுகிறேன் என்று கோயிலில் சத்தியம் செய்தது சித்தப்பா. சோடாவுக்கு மேல் எதையும் தொடாத மனிதர். 

திருவொற்றியூரில் ஓர் இரும்பு யார்டில் அவர் கிரேன் ஓட்டினார். இடுப்பில் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு, கீழே நின்றபடியே பட்டனை அமுக்கி ஓட்டும் கிரேன் அது. ஒரு நாள் அவர் கை வைக்காமலே கொக்கி நகர்ந்தது. தொங்கிய தகட்டுக் கட்டு சாய்ந்து ஒரு லோடுமேனின் கால் முறிந்தது. பிறகு சோதித்தவர்களிடம் கிரேன் சொன்னபடி கேட்டது. மிஷின் மேல் குற்றமில்லை என்றால் மிச்சமிருப்பது மனிதன்தானே. குடித்துவிட்டு வந்திருப்பான் என்று பேச்சு கிளம்பியது. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா சட்னி அரைத்தாள். மிக்ஸி ஓடினால் எங்கள் பழைய டிவியில் கோடு கோடாக ஓடும். சித்தப்பா அதைக் காட்டினார்.

"இத பாருங்க அண்ணி. மிக்ஸி அங்க கீது, டிவி இங்க கீது. ஆனா படம் ஆடுதில்ல? அதே மாரிதான். பக்கத்துல ஒருத்தரு வாக்கி டாக்கில பேசிகினு இருந்தாரு. நான் பட்டனையே தொடல."

பேசினால் கிரேன் நகருமா என்று அப்பா சிரித்தார். தம்பி திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று வீட்டில் முதலில் நம்பியவரே அவர்தான்.

எங்கள் பக்கத்தில் குடிக்கிறவர்களை அந்தோணியார் சுரூபத்தின் முன் நிறுத்தி, மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்ய வைப்பார்கள். செய்தவனுக்கு ஊர் இன்னொரு வாய்ப்பு கொடுக்கும். யார்டு சூப்பர்வைசரும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், கண்ணால் பார்த்தால் மனம் இளகுவார் என்று அம்மா கணக்குப் போட்டாள். குடிக்காத நான் எதை விடுவது என்று சித்தப்பா கேட்டார். அம்மா அழுதாள். அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுரூபத்தின் பாதத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மெழுகுவத்தியைப் பிடித்திருந்தது நான்தான். சித்தப்பாவுக்கு ஏதோ நோய் குணமாகிவிட்டது என்று பெருமையாக வீடு திரும்பினேன்.

சூப்பர்வைசர் கண்ணால் பார்த்தார். விசாரணையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"குடிக்காதவன் இன்னாத்துக்குயா குடிய வுடுறேன்னு சத்தியம் பண்ணான்?"

வேலை போனது.

சில மாதம் கழித்து அதே கிரேன் வேறொருவர் கையிலும் தானாக நகர்ந்தது. இந்தத் தடவை கருவிகளோடு ஆட்கள் வந்து பார்த்தார்கள். வாக்கி டாக்கியை கிரேனின் ரிசீவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியதும் கொக்கி துள்ளியது. பெட்டியை மாற்றி, இங்கே வாக்கி டாக்கி பேசக்கூடாது என்று போர்டு மாட்டினார்கள். கால் முறிந்த லோடுமேன்தான் நொண்டிக்கொண்டே வந்து இதைச் சொன்னார். சித்தப்பாவைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவர் அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகவில்லை.

  அன்றிலிருந்து சித்தப்பா வீட்டில் இருக்கும்போது அம்மா மிக்ஸி போடுவதை நிறுத்திவிட்டாள். தோள்பட்டை வலியோடு அம்மியில் உட்கார்ந்து அரைப்பாள். டிவியில் ஒரு கோடுகூட ஓடாது. நான் கார்ட்டூன் பார்க்கத்தான் அம்மா இவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.