பூஞ்சையக்காவும் ஒரு நூலும்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பூஞ்சையக்கா என்று பட்டப்பெயர். வேறொருத்தியாக இருந்தால் முகம் சுளிப்பாள். இவள் விருது வாங்கியவள் போல நிமிர்வாள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் மூக்கிலிருந்து எடுத்ததைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு வேறென்ன கௌரவம் வேண்டும்? வீட்டில் பூசணம் பிடித்த ரொட்டியைக்கூடச் சும்மா எறியவிட மாட்டாள்.

"தூக்கிப் போடவா, இல்ல ரிப்போர்ட் குடுத்துட்டுத்தான் போடணுமா?" என்பார் கணவர்.

"அவசரப்படாதீங்க, இன்னும் சரியா வளரல."

அன்று காலை அறுவை அரங்கிலிருந்து ஒரு துண்டுச் சதை வந்தது. அங்கே அறுவை மேசையில் மயக்கத்தில் கிடந்தவர் தையல்காரர், சர்க்கரை நோயாளி. கண்ணையொட்டிய சைனஸில் பூஞ்சை. நாடா போல அகலமாக இருந்து, செங்கோணத்தில் கிளைவிடும் வகையென்றால் கண்ணையும் எடுக்க வேண்டிவரலாம். மெலிதாக, கணுக்கணுவாக, கவட்டை போலப் பிரியும் வகையென்றால் சைனஸைச் சுத்தம் செய்து கண்ணை விட்டுவிடலாம் என்றிருந்தார் மருத்துவர்.

சதையில் ஒரு சில்லைக் கண்ணாடித் தகட்டில் காரக் கரைசல் விட்டுக் கரையவிட்டிருந்தார்கள்; சதை கரைந்தால்தான் பூஞ்சை தெளிவாகத் தெரியும். பத்தாவது நிமிஷமே நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்த பக்கத்து மேசைக்காரர் துள்ளினார். "அக்கா, நாடாவேதான்! போன் பண்ணிடவா?"

"போன்ல கைய வைக்காதீங்க."

குனிந்து பார்த்தாள். நாடாதான். ஆனால் கிளை ஒன்றுகூட இல்லை. சதைக்குள் நுழையாமல் மேலே சொகுசாகப் படுத்திருந்தது.

"இது பூஞ்சையே இல்ல. ரத்தம் ஒத்தின துணியோட நூல்."

போன் அலறியது. "என்னம்மா, எந்த வகை?"

"இருவது நிமிஷம் குடுங்க டாக்டர், சதை கரையட்டும்."

"இங்க என்ன சமையலா நடக்குது?"

"அங்க இல்ல டாக்டர், இங்கதான். வேகாம எறக்க மாட்டேன்."

அறுவை மருத்துவரைக் காக்கவைத்த வீரர்களுக்கு உலகம் ஏனோ சிலை வைப்பதில்லை. சதையின் உள்பக்கத்திலிருந்து கிள்ளி இன்னொரு சில்லு போட்டாள். இருபது நிமிஷம் காத்திருந்தாள். பிறகு தெரிந்தது: மெலிதாக, கணுக்கணுவாக, கவட்டை கவட்டையாக, சதைக்குள்ளேயே. பத்து இடம் தேடியும் நாடா இல்லை என்றான பிறகுதான் போனைத் தொட்டாள்.

"மெலிசு வகைதான் டாக்டர்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்ப கண்ணு பொழச்சுது."

நான்காம் நாள், அதே சதையில் கொஞ்சம் போட்டு வைத்திருந்த வளர்ப்புத் தட்டிலும் பச்சை வெல்வெட்டு மாதிரி அதுவே வளர்ந்து சாட்சி சொன்னது.

இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட் வாங்க ஜன்னலுக்கு வந்த தையல்காரருக்கு இவள் யாரென்று தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் இவள் கோட்டுப் பையில் பிரிந்திருந்த தையல்தான். "குடுங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று கோட்டை வாங்கி, தன் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். முதல் தடவையிலேயே நூல் ஊசிக் காதில் நுழைந்தது. பூஞ்சையக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து மேசைக்காரர் காதோரம் கிசுகிசுத்தார்: "அக்கா, இதுவும் நூலுதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."