எலக்ட்ரீசியன் பார்த்த விளக்குகள்

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். அவரோடு கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கப் போனால் மானம் போய்விடும். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். இவர் குனிந்து வயரைப் பார்ப்பார். கேட்டைத் தட்டி, "இந்த ஜாயிண்ட்டுக்கு டேப் சுத்துங்க, மழை வந்தா ஆபத்து" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பதினெட்டு வருஷமாக இதே கூத்து.

இந்த வருஷம் நான்தான் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனேன். மூன்று மாசத்துக்கு முன்னால் அவருடைய வலது கண்ணில் விழித்திரை விலகி ஆபரேஷன் ஆனது. பார்வை எவ்வளவு திரும்பும் என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். "ஒத்தைக் கண்ணோட ஏணி ஏற விடமாட்டேன்" என்றார் கம்பெனி போர்மேன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றோடு இவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு" என்பார். என்னோடு சண்டைக்குக்கூட வருவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மனுஷி எப்படி இருப்பது?

பொழுது சாய்ந்ததும் பின்தெருவுக்குப் போனோம். முதல் வீட்டுத் தோட்டத்தில் வெளிச்சத்தால் செய்த மான். அடுத்த வீட்டு பால்கனி முழுக்க நீலச் சரம். இவர் ஒரு வீட்டிலும் ஒரு குறையும் சொல்லவில்லை.

அதே தெருவில் இருக்கும் ஸ்கூல் டீச்சர் வீட்டு வாசலில் இவர் அப்படியே நின்றுவிட்டார். மாடியிலிருந்து கேட் வரைக்கும் சின்னச் சின்ன பல்புகள் தொங்கின. திரும்பிப் பார்த்தால், பாதி முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறார். அழுகிறார் என்றே நினைத்தேன். இவரை ஏன் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"என்னங்க, போதும். வீட்டுக்குப் போலாம்."

"இரு."

"நீங்க ஏணி ஏறலைன்னா குடி முழுகிடாது. நான் தைக்கிறேன்ல, சமாளிச்சுக்கலாம்."

"கொஞ்சம் இரேன். சிவப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள்..."

அவர் கை மூடியிருந்தது இடது கண்ணை. நல்ல கண்ணை!

"என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் பண்றேன். ஒரு லைனை ஆஃப் பண்ணினாத்தானே இன்னொண்ணுல கரண்ட் வருதான்னு தெரியும்? தினமும் காலண்டரை வெச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கேன். போன வாரம் வரைக்கும் கலங்கலா இருந்துச்சு. இப்ப ஒவ்வொரு பல்பும் தனித்தனியா தெரியுது."

"இதை என்கிட்ட சொன்னா என்ன?"

"நிச்சயமாகாம எப்படிச் சொல்றது? வேலைன்னா அப்படித்தான்."

மூன்று மாசமாக நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். இவருக்கு இதுவும் ஒரு வேலை! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்த டாக்டர் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். விளக்குப் போட்ட டீச்சரும் நன்றாக இருக்கட்டும்.

அவர் கையை விலக்கிவிட்டு, என் உள்ளங்கையால் அந்த இடது கண்ணை மூடினேன்.

"இப்ப என்னைப் பாருங்க. தெரியறேனா?"

வெகுநேரம் பார்த்தார்.

"தெரியுது. அழுது அழுது மூக்கு செவந்துபோச்சு உனக்கு" என்றார்.