சௌந்தரம் ஏன் கல்யாணம் முடிக்கவில்லை

கடலைப் புண்ணாக்கில் ஒரு முனையை ஒடித்து வாயில் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மெல்லுகிறாள் சௌந்தரம். லோடு கொண்டுவந்த டிரைவர் வண்டியை அணைக்காமல் காத்திருக்கிறார். நாலு மெல்லு மென்றுவிட்டு, வாசலுக்குப் போய்த் துப்புகிறாள். "காறலு. போன வருசச் சரக்கு. அப்படியே திருப்பிக் கொண்டு போயிருங்கண்ணே." டிரைவர் வாதாடுவதில்லை. இந்தக் கடையில் வாதாடிப் புண்ணியமில்லை என்பது விருதுநகர் வரைக்கும் தெரிந்த சங்கதி.

பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஐயாத்துரையின் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. முதலாளி அவர்தான் என்றாலும் தராசைப் பிடிப்பது மூத்த மகள். வயது இருபத்தேழு. மாநிறம், உருட்டிக் கட்டிய கொண்டை, அதில் செருகிய பென்சில். பருத்திக்கொட்டையை ஒரு கை அள்ளி விரலிடுக்கில் நழுவவிட்டால் போதும், ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். தீவனம் வாங்க வருகிற சம்சாரியிடம் அவர் சுகத்தைக் கேட்கமாட்டாள். "செவலை ஒழுங்கா அசை போடுதா?" என்றுதான் பேச்சே தொடங்கும். திருச்சுழிப் பக்கத்து மொக்கையன் பஸ்ஸில் கூட வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்: "மாடு திங்கறதுக்கு முந்தி அந்தத் தாயி தின்னு பாத்துரும்ல!"

மத்தியான வெயிலுக்குத் தெரு அடங்கியதும் வாரப் பத்திரிகையை விரிப்பாள். கேள்வி பதில், ராசிபலன், தைல விளம்பரம் ஒன்றையும் விடமாட்டாள். கதைகளை மட்டும் தாண்டிவிடுவாள். தங்கை கஸ்தூரி ஏனென்று கேட்டால், "கதையில வர்ற பொண்ணுக எல்லாம் சன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டே நிக்குதுக. கை வலிக்காதா?" என்பாள்.

இப்படி ஒருத்தி இருபத்தேழு வயதில் கல்யாணம் முடிக்காமல் கடையில் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? செவ்வாய் தோஷம் என்றது ஒரு கட்சி. கடையாள் சம்பளம் மிச்சமென்று அப்பன்காரன்தான் வரன்களைத் தட்டிக் கழிக்கிறான் என்றது இன்னொன்று. உண்மையில் ஐயாத்துரை ஏழு வரன் கொண்டுவந்து ஏழுக்கும் மகளிடம் தலையாட்டல் வாங்க முடியாமல் ஓய்ந்துபோனவர். இளையவளுக்காவது முடிப்போமென்று மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அருஞ்சுனையைப் பேசி, இரண்டு வீட்டிலும் கைநனைத்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான், போன பங்குனியில், அந்தக் கதை வந்தது.

எழுதியவன் எதிர்வரிசை எவர்சில்வர் பாத்திரக்கடைக்காரரின் மகன் காசிராஜன். பி.ஏ. முடித்து மூன்று வருடமாக வேலை தேடுகிறவன். கடையில் உட்கார்ந்து தேடுவதால் எதிர்க்கடை நன்றாகத் தெரியும். 'எழில்ராஜன்' என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு கதை அனுப்பி, எல்லாம் அடுத்த தபாலிலேயே திரும்பி வந்தபின் பிரசுரமான முதல் கதை இது. தலைப்பில் ஒரு மெழுகுவர்த்தியும் மூன்று புள்ளிகளும் இருந்தன. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பூக்கடை நடத்தும் சௌந்தர்யா கல்யாணமே வேண்டாமென்கிறாள். ஏன்? அவளுடைய மாதவன் ராணுவத்தில் இருந்தான், அறுபத்தைந்துச் சண்டையில் எல்லையில் விழுந்துவிட்டான். ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கொண்டையில் மட்டும் அதே பென்சில்.

பூக்கடை என்று மாற்றி யாரை ஏமாற்ற முடியும்? இரண்டே நாளில் சௌந்தரத்துக்கு ஒரு காதலன் பிறந்து, வளர்ந்து, செத்தும் போனான். குடத்தோடு தண்ணீருக்குப் போகிற பெண்கள் கடையைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். பஸ்ஸிலிருந்து காக்கி உடுப்போடு ஒருவன் இறங்கினால் தெருவே அவள் முகத்தைப் பார்த்தது. மொக்கையன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "தாயி, எம் மகனும் மிலிட்டரிலதான் இருக்கான். அந்தப் பையன் எந்த ரெஜிமென்ட்டுன்னு சொன்னா, ஒரு கடுதாசி போட்டு விசாரிக்கச் சொல்றேன்."

அப்போதுதான் சௌந்தரம் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். காசிராஜன் ஒரு பெரிய அண்டாவைத் துடைக்கிற பாவனையில் அதற்குள் தலையை விட்டிருந்தான்.

"ஏப்பா காசி, வெளிய வா."

வந்தான்.

"நான் ஏன் கல்யாணம் முடிக்கலைன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரியாமயா ஒருத்தனைச் சாகடிச்ச?"

காசிராஜன் உள்ளபடியே பரிதாபமாகச் சொன்னான்: "முதல்ல சாகடிக்காமத்தான்க்கா எழுதுனேன். அவளுக்குக் கல்யாணத்துல நாட்டமில்ல, அம்புட்டுத்தான்னு. திருப்பி அனுப்பிட்டாக. ஒரு காரணம் வேணும்கா. காரணமில்லாம கதைக்குள்ள யாரும் ஒரு தம்ளரைக்கூட நகத்த முடியாது."

சௌந்தரத்துக்குக் கோபம் வந்த வேகத்திலேயே பாதி வடிந்துவிட்டது. சுருட்டின பத்திரிகையால் அண்டாவில் ஒரு தட்டுத் தட்டினாள். அது கணீரென்றது. "பென்சிலையாவது மாத்தியிருக்கலாம்ல?" என்றுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதோடு போயிருந்தால் சிரித்துத் தள்ளியிருக்கலாம். சித்திரை பிறந்ததும் மல்லாங்கிணற்றிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தங்கத்தாய் சொல்லியனுப்பியிருந்தாள்: "நிச்சயத்துக்கு முந்தி மூத்த பொண்ணப் பாத்து ஒரு விசயம் பேசணும்."

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூத்தவளுக்கு இப்படி ஒரு பின்கதை இருந்தால் இளையவளை யார் எடுப்பார்கள் என்று ஐயாத்துரை விசிறிக் கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். கஸ்தூரி அடுப்படியில் கழுவின பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் சௌந்தரத்துக்குப் பயம் வந்தது. அம்மா சுப்பம்மாளைக் கூட்டிக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

மல்லாங்கிணற்றில் கடைக்குப் பின்கட்டில் வீடு. தங்கத்தாய் கனத்த சரீரம், காதில் பெரிய தோடு, நல்ல குரல். கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள், விசிறினாள். அலமாரியைத் திறந்து, மடிப்பு கலையாத அந்தப் பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுப்பம்மாள் சோடாப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூணு வாட்டி படிச்சேன்" என்றாள் தங்கத்தாய். கண் கலங்கியிருந்தது. "மூணு வாட்டியும் அழுதேன். ஏம்மா, அந்தப் பையன் சாகறதுக்கு முந்தி ஒரு கடுதாசிகூடப் போடலையா?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூத்தவ ஏன் கட்டிக்கிடலைன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. உள்ளதச் சொல்லணும்ல. கதையப் படிச்சதும் போயிருச்சு. ஒருத்தன நெனச்சு உசுர வச்சிருக்கிற குடும்பத்துல பொண்ணெடுக்கக் கொடுத்து வச்சிருக்கணும். ஒன் வாயால ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

சுப்பம்மாள் உயிர் வந்தவளாகச் சட்டென்று முந்தானையைக் கையில் எடுத்தாள். "அதை ஏன் கேக்கிய மதினி, இன்னைக்கும் மிலிட்டரி உடுப்பப் பாத்தா…" என்று தொடங்கினாள். மகளின் தொடையை ஒரு கிள்ளும் கிள்ளினாள்.

தலையைக் குனிந்து சும்மா இருந்தால் போதும். கஸ்தூரி கல்யாணம் நடந்துவிடும். செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. சௌந்தரம் குனியத்தான் செய்தாள். ஆனால் இல்லாத ஒருத்தனுக்காக இந்த அம்மா மூன்று தடவை அழுதிருக்கிறாள் என்பது மனதை என்னவோ செய்தது. தவிட்டில் மண்ணைக் கலந்து விற்கிற மாதிரி இருந்தது.

"அம்மா, இரு" என்றாள். "அத்தை, அப்படி யாரும் இல்ல. அது எதிர்க்கடைப் பையன் கட்டுன கதை."

விசிறி நின்றது. "யாருமே இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஏன் வேண்டாம்ன?"

"மொதல்ல வந்தவுக சாத்தூர்க்காரவுக. நல்ல மனுசர்தான், குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. அவுகளைப் பாத்தப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அவுக போனப்புறம் கடைக்கு வந்து உக்காந்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்து வந்தவுக போனப்பவும் அப்படித்தான்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

தங்கத்தாயின் முகம் ஏமாந்துபோனது. பிறகு இறுகியது. "காரணமே இல்லாமயா ஒருத்தி வேண்டாம்பா? இதுக்கு அந்த மிலிட்டரிக்காரனே தேவலையே."

"அப்பாடான்னு இருந்ததும் காரணந்தானே, அத்தை?"

"அப்ப நாளைக்கு ஒன் தங்கச்சியும் எம் மகன விட்டுட்டு அப்பாடான்னு பஸ் ஏறிப் போயிருவாளா?"

சுப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சௌந்தரம் எதையோ நினைத்துப் பார்க்கிறவளைப் போல இருந்தாள்.

"அவ வேற அத்தை. தலை வாரிக்கிட்டிருக்கும்போது ஒங்க மகன் பேரு காதுல விழுந்தா, சீப்பு பாதியிலயே நின்னுபோகுது. நான் வேணும்னே நாலஞ்சு வாட்டி சொல்லிப் பாத்துட்டேன். நாலஞ்சு வாட்டியும் நின்னுச்சு. எனக்கு எந்தப் பேருக்கும் சீப்பு நின்னதில்ல. வித்தியாசம் அம்புட்டுத்தான்."

கடைப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஏதோ தகர டப்பா உருண்டு, உளுந்து சிதறுகிற சத்தம் கேட்டது. தங்கத்தாய் திரும்பிப் பார்க்காமலே, "ஏலே அருஞ்சுனை, ஒளிஞ்சு நின்னு கேட்டது போதும், அள்ளு" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வெகுநேரம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஓய்ந்ததும் பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"எனக்குப் பதினாறுல முடிச்சாக. சீப்பு நின்னுச்சா இல்லையான்னு யாரு கேட்டா?" என்றாள். பிறகு சுப்பம்மாளைப் பார்த்து, "வைகாசில நிச்சயம், ஆவணில கல்யாணம். அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க" என்றாள்.

ஆடியில் காசிராஜன் ஒரு நீளக் காகிதத்தோடு தெருவைக் கடந்து வந்தான். சங்கதி முழுக்கக் கேள்விப்பட்டு, இந்தத் தடவை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பியிருந்தான். திரும்பி வந்த கதையோடு ஆசிரியர் குறிப்பு ஒன்றும் இருந்தது. 'நடை நன்று. கதாநாயகியின் முடிவுக்கு வலுவான காரணம் இல்லை. நம்பும்படியாக இல்லை.' சௌந்தரம் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு முதல்முறையாக ஒரு கதையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "நல்லாத்தானப்பா இருக்கு" என்று அரைவீசை கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

ஆவணியில் கல்யாணம் பாளையம்பட்டியில், பெண் வீட்டுப் பந்தலிலேயே நடந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் பந்திக்குத் தானே பரிமாறுவதென்று சௌந்தரம் பாயச வாளியோடு நின்றாள். வரிசையின் நடுவில் தங்கத்தாய், அவளுக்கு இந்தப் பக்கம் காரியாபட்டியிலிருந்து வந்த ஒரு நாத்தனார். சௌந்தரம் இரண்டு இலை தள்ளிக் குனிந்திருந்தபோது நாத்தனார் தாழ்ந்த குரலில், "பொண்ணுக்கு அக்காகாரி இன்னும் கட்டலையாமே, ஏனாம்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

தங்கத்தாய் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "அதை ஏன் கேக்க. மிலிட்டரில ஒரு பையன் இருந்தானாம்…"

நாத்தனார் "ச்சொ, ச்சொ" என்றாள். அதற்குள் வாளி அவர்கள் இலைக்கு வந்துவிட்டது. தங்கத்தாய் நிமிர்ந்தாள், சௌந்தரத்தைப் பார்த்தாள், அவசரமாக அப்பளத்தில் கவனம் செலுத்தினாள்.

சௌந்தரம் நாத்தனார் இலையில் முந்திரிப் பருப்பாகப் பார்த்து நிறைய ஊற்றினாள். சம்பந்தியம்மாள் இலையை அப்படியே தாண்டி, அடுத்த இலைக்குக் கரண்டியைக் கொண்டுபோனாள்.