ஆப்பிள் மரத்துக்குக் கட்டிய கயிறு

லண்டனுக்கு வந்து சில வருடங்களாகியும் எங்கள் ஜன்னலில் பழைய படுக்கை விரிப்புத்தான் தொங்கியது. மனைவி திரைச்சீலை கேட்டபோதெல்லாம், “அடுத்த தைக்கு ஊருக்குப் போறம், இதெல்லாம் என்னத்துக்கு?” என்று அவள் வாயை அடைத்துவிடுவேன்.

எண்பதுகளில் அடித்த பெரும்புயல், லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில் இருந்த எங்கள் வாடகை வீட்டின் பின்புறம் நின்ற ஆப்பிள் மரத்தைச் சாய்த்துவிட்டது.

“வெட்டி எறிவம்” என்றேன்.

“பாதி வேர் இன்னும் மண்ணை விடேல்லை. நிமித்திப் பாப்பம்” என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டு மேரியும் ஓடிவந்தாள். மூவருமாக மரத்தை நிமிர்த்தி, வேரை மண்ணால் மூடி, ஒரு கட்டையை அறைந்து கயிற்றால் கட்டினோம். எவ்வளவு காலம் இப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று மனைவி மேரியிடம் கேட்டாள்.

“மூன்று வருடம்” என்றாள் மேரி.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். ஊர் ஆசை அப்போதும் குறையவில்லை. ஆனாலும் போகும்வரை இந்த மரம் விழாமல் நிற்க வேண்டுமே!

“இந்தக் கயிறு காணாது. நல்லதா வாங்கிக்கொண்டு வாறன்” என்றேன்.

“அப்ப ஜன்னலையும் அளந்துகொண்டு போங்கோ” என்றாள் அவள்.