டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அம்மாவின் நல்ல குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்றார் மாமா. நான் செய்த தவறையும் எழுதாமல் என்னால் முடிக்க முடியவில்லை.

அம்மா காவேரிப்பட்டணத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததும் தொம்மலூரில் என்னுடன் குடியேறினார். கடைசிவரை அவருக்குக் கன்னடம் வரவில்லை.

ஒருநாள் டாக்டரிடம் போக வேண்டும் என்றார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மா என் பக்கம் திரும்பி, "தீட்டு நின்னு ஆறு வருஷம் ஆச்சுப்பா. இப்ப ரெண்டு மாசமா மறுபடியும் படுது, இடுப்பு வேற வலிக்குதுன்னு சொல்லு" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "தும்ப சுஸ்து, சார்" என்றேன். ரொம்பச் சோர்வாக இருக்கிறது என்று அர்த்தம். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காதான் துணி மாற்றிவிட்டு, வேறொரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனார். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னவரும் அவர்தான். கர்ப்பப்பைப் புற்றுநோய். அதற்குள் நுரையீரலுக்கும் பரவியிருந்தது.

வார்டில் அம்மாவின் காலருகே உட்கார்ந்து, "அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட சொல்லலம்மா" என்றேன்.

"தெரியும்டா. நான் அவ்ளோ சொன்னேன், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

அதன்பின் அம்மா மூன்று மாதம்தான் இருந்தார். கடைசி வாரம் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்களிடம், "நின்னப்புறம் யாருக்காவது படுதா? ஒரு சொட்டுன்னாலும் போய்க் காட்டுங்கடி" என்றார். ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் காலை அம்மா கண்மூடினார்.

மீனாட்சி அக்காவுக்கும், அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்ட அந்த டாக்டருக்கும், வார்டு நர்சுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று பதில் சொல்லாத அத்தைகளே, சித்திகளே, அக்காமார்களே, எனக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். கூட வரும் மகன் வெட்கப்பட்டால், அவனை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.